வெறுந்தாள்

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
2 மார்ச் 2014

அத்தான்,

திகைக்க வேண்டாம். எனக்கு ஒன்றும் இல்லை, யதுர்ஷாவுக்கும் ஒன்றும் இல்லை. இத்தனை வருடத்துக்குப் பிறகு மனைவியின் கையெழுத்தைத் தபாலுறையில் கண்டதும், ஆரோ செத்துப்போனார்கள் என்றுதான் நினைத்திருப்பீர்கள். எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

தொலைபேசி இருக்க ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். மாதத்தில் இரண்டு தரம் எடுப்பீர்கள். "யது நிக்கிறாவோ?" என்பீர்கள். "ஓம், பொறுங்கோ" என்று நான் மகளிடம் கொடுப்பேன். நீங்கள் போன நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் கதைத்தது அவ்வளவுதான். அதற்கு மேல் வாயைத் திறந்தால் தொலைபேசியை வைத்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி இடையில் வைக்க முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் அதற்கு முதல் வாசிப்பீர்கள். உங்களை எனக்குத் தெரியும்.

யது இந்த ஆண்டு பள்ளிக்கூடம் முடிக்கிறாள். ஓகஸ்ட்டில் படிப்புக்காக வடக்கே துரொம்சோவுக்குப் போகிறாள். பிறகு இந்த நாலாம் மாடியில் நான் தனி. போன கிழமை, ரொம்மனில் என்னோடு சிறுவர் பள்ளியில் வேலை செய்யும் கரோலினா என்ற மன்னார்ப் பிள்ளை, "அக்கா, உங்களுக்கு மனுசன் இருக்கிறாரோ, இல்லையோ?" என்று கேட்டுவிட்டாள். வாயில் வந்ததைக் கேட்கிறவள், மனதில் கள்ளம் இல்லை. எனக்கு ஓம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. நாற்பத்தாறு வயதில் அப்படி வாயடைத்து நிற்க வெட்கமாகப் போய்விட்டது.

ஆகவே செப்ரெம்பர் முடியும் வரை பார்ப்பேன். அதற்குப் பிறகு, சட்டப்படி பிரிவதற்கான விண்ணப்பத்தை அனுப்பிவிடுவேன். மிரட்டுகிறேன் என்று நினைக்காதேயுங்கள். அரையும் குறையுமாக இருக்க எனக்கு இனி ஏலாது.

நடந்ததை ஒரு தரம் என் வாயால் சொல்ல விடுங்கள். 2009 மே மாதம், தனிநாடு வேண்டுமா என்று நோர்வேத் தமிழர் தங்களுக்குள் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். எங்கள் மண்டபத்துக்கு நீங்கள் பொறுப்பு. பின்னேரம் எண்ணி முடித்து, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தீர்கள். "எல்லாம் ஓம். ஒண்டே ஒண்டு வெறுந்தாள். எந்தக் கழுதை போட்டதோ தெரியேல்லை" என்றீர்கள். நான் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றேன். "நான்தான்" என்றேன். தர்மலிங்கம் அண்ணர் முன்னால், மற்ற எல்லோர் முன்னாலும் நீங்கள் சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம். "வன்னியில குண்டுக்குள்ளை கிடக்கிற உம்மட தம்பிக்கே துரோகம் செய்துபோட்டீர்." எட்டு நாளில் அங்கே எல்லாம் முடிந்தது. என் தம்பி கிருபன் வரவேயில்லை. கார்த்திகையில் நீங்கள் ஒன்றுவிட்ட அண்ணரின் சாப்பாட்டுக் கடையில் சமைக்கப் போகிறேன் என்று கிளாஸ்கோவுக்குப் போனீர்கள்.

அன்றிலிருந்து ஒரு கேள்விக்காகக் காத்திருக்கிறேன். நீங்கள் இன்னும் என்னிடம் கேட்காத கேள்வி. அது என்னவென்று நானே சொல்லித் தந்தால் அது உங்களுடைய கேள்வி இல்லை. கேட்டால் பதில் சொல்வேன்.

தங்கேஸ்வரி

*

டெனிஸ்டன், கிளாஸ்கோ
21 மார்ச் 2014

தங்கேஸ்வரிக்கு,

உம்முடைய கடிதத்தை இரண்டு நாள் உடைக்காமல் மா போட்டு வைக்கிற தகரப் பேணிக்கு மேல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மாக் குழைத்த கையோடு உடைத்தேன். மூலையெல்லாம் மாவாகிவிட்டது.

கேள்வி என்கிறீர். சரி, கேட்கிறேன். உமக்கு உடம்பு எப்படி? அந்த முழங்கால் நோ இருக்கிறதா? யது துரொம்சோவில் என்ன படிக்கப் போகிறாள், அந்தக் குளிருக்குள் ஏன் போகிறாள்? குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறதா? இதில் எது உம்முடைய கேள்வி என்று எழுதும். பரீட்சை எழுதி எனக்குக் கனகாலம்.

இங்கே ஒரு புதினம். செப்ரெம்பர் பதினெட்டாம் திகதி ஸ்கொட்லாந்து தனிநாடாகப் போவதா, இங்கிலாந்தோடு சேர்ந்தே இருப்பதா என்று வாக்கெடுப்பு. அதில் எனக்கு வாக்கு இருக்கிறது! நம்பமாட்டீர். "எங்கட நாட்டுப் பாஸ்போட் வரும், அதைத்தான் எடுப்பன்" என்று இருபது வருடம் நோர்வேக் குடியுரிமை எடுக்காமல் இருந்தேனே, நீரும் விசர் மனுசன் என்று ஏசினீரே. இலங்கை கொமன்வெல்த் நாடாம். ஆகவே இங்கே சட்டப்படி குடியிருக்கிற இலங்கைக்காரனுக்கு வாக்கு உண்டு. உம்மைப்போல நோர்வேக்காரருக்கு இல்லை. நான் வேண்டாம் என்று வெறுத்த அந்தக் கடவுச்சீட்டுத்தான் எனக்கு இந்த வாக்கைத் தந்திருக்கிறது. சிரிக்கிறதா அழுகிறதா தெரியவில்லை.

ஓம் பக்கம் நின்று வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் கொடுக்கிறேன். சனிக்கிழமைகளில் கடையில் எனக்கு மத்தியானத்துக்குப் பிறகுதான் வேலை. ஒரு சனம் தாங்கள் ஒரு தேசம் என்று கேட்டு, சண்டை இல்லாமல், பென்சிலால் ஒரு புள்ளடி போட்டு எடுக்கலாம் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. அந்த ஆசை உமக்கு விளங்குமோ தெரியாது.

விண்ணப்பம் என்று எழுதிய வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை.

குலசேகரம்

*

ஹவுகன்ஸ்டுவா
20 மே 2014

அத்தான்,

முழங்கால் பரவாயில்லை. யது மீன்வளம் படிக்கப் போகிறாள். குழாயை நானே திருத்திவிட்டேன். நீங்கள் கேட்டதில் ஒன்றும் நான் காத்திருந்த கேள்வி இல்லை. ஆனால் முழங்காலை மறக்காமல் கேட்டீர்களே, அதற்குச் சந்தோசம்.

போன சனிக்கிழமை மே பதினேழு. நோர்வே அரசியலமைப்பு எழுதி இருநூறு வருடம். யது சிவப்புக் காற்சட்டையும் தொப்பியுமாக, பள்ளிக்கூடம் முடிக்கிற மற்றப் பிள்ளைகளோடு ஊர்வலம் போனாள். தொண்டை கட்டும் வரை கத்தினாள். நான் எங்கள் சிறுவர் பள்ளிப் பிள்ளைகள் முப்பது பேரைக் கயிறு பிடிக்க வைத்துக் கூட்டிப்போனேன். சோமாலியப் பிள்ளை, பாகிஸ்தான் பிள்ளை, எங்கட பிள்ளை எல்லாம் கொடியை ஆட்டிக்கொண்டு "ஹுர்ரா" என்று போகுதுகள். ஒரு பெடியன் கொடித்தடியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே வந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே கண்ணீரும் வந்தது. பக்கத்தில் நீங்கள் நின்றால், "இவங்கள் நானூறு வருசம் டென்மார்க்கோடை, தொண்ணூறு வருசம் சுவீடனோடை கிடந்து எழும்பினவங்கள் தங்கேஸ்" என்று வருடாவருடம் சொல்கிறதைச் சொல்லியிருப்பீர்கள். அந்தப் பிரசங்கம் இல்லாமல் ஐந்தாவது மே பதினேழு.

உங்கள் ஸ்கொட்லாந்துக்காரரைப் பற்றி ஒன்று சொல்லட்டா? பாவம், ஆங்கிலேயனுக்குக் கீழே கிடக்குதுகள் என்று நினைக்காதேயுங்கள். எங்கள் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்துத் துரைமாரில் எத்தனை பேர் ஸ்கொட்லாந்துக்காரர்! தோட்டத்துப் பெயர்களைப் பாருங்கள், பாதி அவையளின் ஊர்ப் பெயர். உலகத்தை ஆள்கிற நேரம் இங்கிலாந்துக்காரனோடு பங்கு போட்டு ஆண்டார்கள். இப்ப மட்டும் நாங்கள் வேறை, அவர்கள் வேறை என்றால் எப்படி? துண்டு கொடுக்கிற வீடுகளில் இதையும் கேட்டுப் பாருங்கள்.

கோபிக்க வேண்டாம். அவர்கள் போகட்டும், இருக்கட்டும், அது அவர்கள் பாடு. உங்களோடு வாய் காட்டி எவ்வளவு காலம்! அந்த ஆசையில் எழுதுகிறேன்.

தங்கேஸ்

*

டெனிஸ்டன், கிளாஸ்கோ
30 யூன் 2014

அன்பின் தங்கேஸ்,

தங்கேஸ் என்று கையெழுத்து வைத்திருந்தீர். அந்த ஒரு சொல்லுக்காகக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அதில் இப்போது மல்லித்தூள் மணம்.

தேயிலைத் துரைமார் கதையைக் கீழ்வீட்டுக் கென்னத்திடம் கேட்டேன். அவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, ஓம் பக்கத்தில் பெரிய ஆள். தலையைச் சொறிந்தார். "அது உண்மைதான். நாங்களும் சேர்ந்துதான் அடிச்சனாங்கள்" என்றார். அவர் கதைக்கிற ஆங்கிலம் ஆங்கிலேயனுக்கே விளங்காது, நான் தமிழில் கதைக்க வைக்கிறேன், பொறுத்துக்கொள்ளும். ஆக, அந்தச் சுற்றில் நீர் வென்றுவிட்டீர்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. நேற்று என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு பனொக்பேர்ன் என்ற இடத்துக்குப் போனார். எழுநூறு வருடத்துக்கு முன்னால் ஆங்கிலேயப் படையை இவர்கள் அடித்துக் கலைத்த வெளி. இப்போது பிள்ளைகள் ஐஸ்கிறீம் தின்கிற வெளி. வழி நெடுக வரலாறு சொன்னார். 1603இல் இங்கிலாந்து இராணி பிள்ளை இல்லாமல் செத்துப்போக, ஸ்கொட்லாந்து அரசன் இரண்டு முடியையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு லண்டனுக்குப் போனானாம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவன், பிறகு இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு முறைதான் வந்தானாம். இன்னும் நூறு வருடத்தில், 1707இல், பாராளுமன்றத்தையும் பூட்டிக்கொண்டு லண்டனோடு சேர்ந்தார்கள். சனம் தெருவில் நின்று குழப்பம் செய்தது, ஆனால் சேர்ந்தாகிவிட்டது. முந்நூறு வருடம். ஒரே படையில் செத்திருக்கிறார்கள், ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுத்திருக்கிறார்கள். அதைப் பிரிப்பதென்றால் சும்மா இல்லைத்தான்.

இன்னுமொன்று. கென்னத்தின் வீட்டில் தெருப்பக்கம் இரண்டு யன்னல். ஒன்றில் நீல நிறத்தில் ஓம் என்று மட்டை. மற்றதில் "இல்லை, நன்றி" என்று மட்டை. அது அவருடைய மனைவி ஐலீனின் யன்னல்! நாற்பத்தொரு வருடம் கலியாணம் முடித்தவர்கள். ஒரே சோபாவில் இருந்து செய்தி பார்த்துக் கத்துகிறார்கள், பிறகு ஒரே தட்டில் பிஸ்கட் தின்கிறார்கள். எனக்கு விளங்கவேயில்லை.

கடையில் நாளுக்கு எண்பது பேருக்குச் சமைக்கிறேன். எல்லோரும் நல்லது, நல்லது என்கிறார்கள். "உப்புக் கூடிப்போச்சு, கையை அளந்து போடுங்கோ" என்று சொல்ல ஒருத்தர் இல்லை. தங்கேஸ், நீர் என்னை நினைக்கிறீரா? அதுதானா அந்தக் கேள்வி?

குலசேகரம்

*

ஹவுகன்ஸ்டுவா
27 யூலை 2014

அத்தான்,

அது இல்லை. ஆனால் அதற்கும் பதில் சொல்கிறேன். நினைக்கிறேன். ரெயின் ஹவுகன்ஸ்டுவாவில் நிற்கிற நேரமெல்லாம் இறங்குகிறவர்களைப் பார்க்கிறேன். நீங்கள் வரமாட்டீர்கள் என்று தெரியும், கண் கேட்காது. உங்கள் நீலக் குளிர்ச்சட்டை இன்னும் கொழுவியில் தொங்குகிறது. யது எடுத்து வைக்கப் போனபோது ஏசிவிட்டேன். போதுமா?

மூன்று வருடத்துக்கு ஒருமுறை வருவேன் என்ற அரசனைப் பற்றி எழுதினீர்களே, கூச்சமாக இருக்கவில்லையா? அவனாவது ஒரு தரம் போனான்.

உங்கள் அரசர்களைப் பற்றி வாசிக்க ஸ்டொவ்னர் நூலகத்துக்குப் போனேன். அதில் ஒரு பிள்ளையைக் கண்டேன். மார்கிரேட் என்று பெயர், நோர்வே அரசனின் மகள். ஸ்கொட்லாந்தில் அவளுடைய பாட்டன் செத்துப்போக, முடி அவளுக்குத்தான் வந்தது. அவளை இங்கிலாந்து அரசனின் மகனுக்குக் கட்டிவைத்து இரண்டு நாட்டையும் சேர்க்கலாம் என்று பெரியவர்கள் பேசி முடித்து, 1290இல் இங்கேயிருந்து கப்பலில் அனுப்பினார்கள். ஏழு வயது, அத்தான். ஓர்க்னி தீவில் நோய் கண்டு செத்துப்போனாள். உடம்பைத் திரும்ப பேர்கனுக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த அரசன் ஆர் என்ற பிக்கலுக்கு இங்கிலாந்து அரசனைத் தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டார்கள், அவன் நாட்டையே எடுக்கப் பார்த்தான், உங்கள் பனொக்பேர்ன் சண்டையெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தப் பிள்ளை கரை சேர்ந்திருந்தால் எழுநூறு வருடக் கதையே வேறாக இருந்திருக்கும். எழுதினவர்கள் எல்லோரும் அவளுடைய முடியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கப்பலில் அவள் என்ன கேட்டு அழுதாள் என்று ஒருத்தரும் எழுதவில்லை.

இன்னொன்றும் வாசித்தேன். 1905இல் சுவீடனை விட்டுப் பிரிவதா என்று நோர்வேயில் வாக்கெடுப்பு. ஓம் மூன்று லட்சத்து அறுபத்தெட்டாயிரத்துச் சொச்சம். இல்லை என்றவர்கள் நூற்றி எண்பத்தி நாலு பேர். பெண்களுக்கு அன்று வாக்கே இல்லை. நான் அந்த நூற்றி எண்பத்தி நாலு பேரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முழு நாடும் ஒரு பக்கம் நிற்க, இவர்கள் மற்றப் பக்கம் எப்படிப் புள்ளடி போட்டார்கள்? அவர்களில் ஒருவரையாவது ஆராவது பக்கத்தில் கூப்பிட்டு இருத்திக் கதைத்தார்களோ?

போன செப்ரெம்பரில் நான் இங்கே பள்ளிக்கூடத்தில் தேர்தல் வேலை செய்தேன். மடித்துக் கொண்டுவருகிற வாக்குச் சீட்டுக்கு முத்திரை குத்துகிற வேலை. பிறகு எண்ணும்போது வெறுந்தாளுக்கென்று தனி அடுக்கு. ஒருத்தரும் எறியவில்லை, சிரிக்கவும் இல்லை. அந்த அடுக்கையும் எண்ணித் தனியாக எழுதினார்கள். அங்கே நின்று நான் உங்களை நினைத்தேன்.

தங்கேஸ்

*

கிளாஸ்கோ
15 ஓகஸ்ட் 2014

தங்கேஸ்வரிக்கு,

சுற்றி வளைத்து அங்கேயே வந்து நிற்கிறீர். நோர்வேக்காரன் வெறுந்தாளை எண்ணட்டும், கண்ணாடி போட்டுச் சுவரில் கொழுவட்டும். அவனுக்கு நாடு இருக்கிறது, அவன் விளையாடலாம். எங்களுக்கு அன்று இருந்தது ஒரே ஒரு கேள்வி. விடியப்புறம் எழும்பிப் போய் மேசை கதிரை அடுக்கினவன் நான். உம்முடைய கையில் அந்தச் சீட்டைச் சிரித்துக்கொண்டு தந்தவன் நான். பின்னேரம் அதையே நான் வெறுமையாக விரித்துப் பார்த்தேன். அது உம்முடையது என்று தெரியாமலே, போட்ட ஆளை ஏசிக்கொண்டு எண்ணினேன்.

ஆட்கள் முன்னால் அப்படிச் சொன்னது பிழை. அதை ஒத்துக்கொள்கிறேன். நீரும் ஒரு சொல் எழுதும். அன்று செய்தது பிழை என்று. அது போதும். அடுத்த கிழமையே வர அலுவல் பார்ப்பேன்.

குலசேகரம்

*

ஹவுகன்ஸ்டுவா
31 ஓகஸ்ட் 2014

உங்களுக்கு,

அந்தச் சொல்லை எழுத மாட்டேன்.

யதுவை விமான நிலையத்துக்குப் போகிற ரெயினில் ஏற்றிவிட்டேன். வீட்டில் ஒரு கோப்பை, ஒரு கரண்டி. விண்ணப்பத்தை நிரப்பிக் கையெழுத்தும் வைத்துவிட்டேன், குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கிறது. செப்ரெம்பர் முப்பதாம் திகதி வேலைக்குப் போகிற வழியில் தபாலில் போடுவேன்.

பதினெட்டாம் திகதி நீங்கள் விரும்பினது உங்களுக்குக் கிடைக்கட்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன்.

தங்கேஸ்வரி

*

டெனிஸ்டன், கிளாஸ்கோ
20 செப்ரெம்பர் 2014

என் தங்கேஸ்,

தோற்றுப்போனோம். கிளாஸ்கோ ஓம் என்றது, நாடு இல்லை என்றது. நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர் "இல்லை" போட்டார்கள். பதினெட்டாம் திகதி காலை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் போய் நின்றேன். கயிற்றில் கட்டின ஒரு கட்டைப் பென்சில். ஓம் என்ற பெட்டிக்குள் பெரிய புள்ளடி போட்டேன். நாடு வேண்டுமா என்று கேட்டு, ஒரு அரசாங்கமே பொறுப்பெடுத்து எண்ணின என் முதல் வாக்கு அது. மறுநாள் எழும்பிப் பார்க்க எல்லாம் முடிந்திருந்தது.

கென்னத்தைப் பார்க்கக் கீழே போனேன். மனுசன் யன்னல் மட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குழந்தைப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுகிறார். ஐலீன் தன் மட்டையை நான் போக முன்னமே கழற்றிவிட்டாள். வென்ற மனுசி, முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. சூப்பை ஊற்றிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, பக்கத்தில் இருந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. அவள் குசினிக்குள் போனதும் கேட்டுவிட்டேன்.

"எப்பிடி அண்ணை? உங்கட சொந்த மனுசி. உங்களுக்குக் கோவம் வரேல்லையோ?"

"வந்தது. மாசிமாசம் அந்த மட்டையைக் கொண்டுவந்து ஒட்டினவள். அண்டைக்கு ஒரு கோப்பையை உடைச்சனான்."

"பிறகு?"

"பிறகு என்ன, ஏன் எண்டு கேட்டனான். மகள் நியூகாசிலில, ஆங்கிலேயப் பெடியனைக் கட்டி, மூண்டு பிள்ளையள். அந்தப் பேரப்பிள்ளையளுக்கு நாங்கள் வெளிநாட்டுக்காரர் ஆகிப்போடுவம் எண்டு அவளுக்குப் பயம். பிழையான பயம். நான் சொல்லிப் பாத்தனான், அவள் கேக்கேல்லை. ஆனா இப்ப அது என்ன எண்டு எனக்குத் தெரியும்தானே."

பிறகு அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த மாதங்களில் உம்மைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் சொல்லியிருந்தேன். "உன்ரை மனுசி ஏன் வெறுமையா விட்டவ?" என்று கேட்டார்.

தங்கேஸ், எனக்குத் தெரியாது. ஐந்து வருடம். உம்முடைய அந்த வெறுந்தாளுக்கு நானே எத்தனை காரணம் எழுதிப் போட்டேன். பயம் என்றேன், பிடிவாதம் என்றேன், என்னைத் தலைகுனிய வைக்க என்றேன், துரோகம் என்றேன். உம்மிடம் கேட்கவில்லை. ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. அவர் வீட்டு வாசற்படியில் இருந்து நானும் அழுதேன். ஐலீன் எனக்கும் ஒரு கோப்பை சூப் கொண்டுவந்து தந்தாள். உப்பே இல்லை.

ஏன் தங்கேஸ்? அன்று ஏன் வெறுமையாக விட்டீர்?

இதுதான் அந்தக் கேள்வி என்றால் பதில் எழுதும். இல்லை என்றாலும் எழுதும். நீர் என்ன எழுதினாலும் அது சரி, இது பிழை என்று நான் வாய் திறக்கப்போவதில்லை. கேட்டுக்கொண்டு இருப்பேன். முப்பதாம் திகதிக்கு முதல் இது உம்முடைய கையில் கிடைக்க வேண்டும் என்று, எந்தக் கடவுளையும் நம்பாத நான், தபாற்பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போடப்போகிறேன்.

உம்முடைய
சேகரம்

*

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
28 செப்ரெம்பர் 2014

சேகரத்தான்,

வெள்ளிக்கிழமை கிடைத்தது. வாசித்துவிட்டு இரண்டு நாள் ஒன்றும் செய்ய முடியவில்லை. கரோலினா வந்து தேத்தண்ணீர் போட்டுத் தந்தாள்.

இதுதான் அந்தக் கேள்வி.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் மேசை அடுக்கவென்று விடியவே போய்விட்டீர்கள். யது நித்திரை. எட்டு மணிபோலத் தொலைபேசி அடித்தது. கிருபன். ஆருடையதோ செய்மதித் தொலைபேசியாம், இரண்டு நிமிடம் தந்தார்களாம். பின்னால் குண்டுச் சத்தம். "அக்கா, அத்தான் எங்கை?" என்றான். "வாக்கெடுப்பு மண்டபத்துக்குப் போட்டார்" என்றேன். "ஓ, இண்டைக்கோ? நல்லாப் போடுங்கோ" என்று சிரித்தான். பிறகு குரல் மாறிவிட்டது. "அக்கா, சின்னவளுக்கு ரெண்டு நாளாத் தண்ணி இல்லை. நாக்கு வறண்டுபோச்சு. என்ன செய்யிறதெண்டு சொல்லுங்கோ அக்கா" என்றான். அவனுடைய மகள் துஷ்யாவுக்கு நாலு வயது. நான் என்ன சொல்ல? ஒஸ்லோவில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்ன சொல்ல? "துணியை நனைச்சு உதட்டிலை வையடா" என்றேன். "எதிலை நனைக்கிறது அக்கா?" என்றான். அதோடு அறுந்துவிட்டது. அதுதான் கடைசி.

உங்களைத் தேடித்தான் மண்டபத்துக்கு வந்தேன், வாக்குப் போட இல்லை. உங்களைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். நீங்கள் என்னைக் கண்டதும் சிரித்து, "வாரும், எங்கட வீட்டு வாக்கு" என்று சீட்டைக் கையில் தந்தீர்கள். அவ்வளவு சந்தோசமாக இருந்தீர்கள், அத்தான். அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. சீட்டோடு மறைப்புக்குள் போனேன். ஓம் என்று ஒரு பெட்டி. இல்லை என்று ஒரு பெட்டி. நாடு வேண்டாம் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. ஆனால் அந்த நேரம் எனக்கு வேண்டியிருந்தது ஒரு பிள்ளையின் வாய்க்கு ஒரு மிடறு தண்ணீர். அதற்கு அந்தத் தாளில் பெட்டி இருக்கவில்லை. பேனை கையில் இருந்தது, கை எழும்பவில்லை. மடித்துப் போட்டுவிட்டு வந்தேன்.

பின்னேரம் எல்லோரும் போன பிறகு சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் நீங்கள் அதைச் சொல்லிவிட்டீர்கள், தம்பிக்குத் துரோகம் என்று. அதற்குப் பிறகு அவனுடைய அந்தக் குரலை உங்களிடம் எடுத்துத் தந்தால், என்னைக் காப்பாற்ற அவனை இழுத்தது போல ஆகிவிடும் என்று நினைத்தேன். நீங்களாகக் கேட்டால் சொல்வேன் என்று வைத்திருந்தேன். ஐந்து வருடம் வைத்திருந்தேன். ஐந்து வருடத்தில் யதுவுக்குக்கூடச் சொல்லவில்லை.

இனி நீங்களும் வைத்திருங்கள். எனக்குப் பாரமாகிவிட்டது.

நீங்கள் தோற்றதற்கு எனக்கு உண்மையிலேயே கவலை. அந்த இரண்டு பேருக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். ஐலீனுக்கு உப்பு எவ்வளவு போடுவது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.

வாருங்கள் என்று எழுதிவிட்டேன். இலங்கைக் கடவுச்சீட்டோடு இங்கே வர விசா வேண்டும், விசாவுக்கு நான் அழைக்க வேண்டும். இருபது வருடப் பிடிவாதத்துக்கு நான்தான் படிவம் நிரப்ப வேண்டியிருக்கிறது! அந்த அழைப்புப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் இருந்த மற்றதைக் கிழித்துவிட்டேன். படிவத்தில் பெயர், முகவரி, பிறந்த திகதி எல்லாம் நிரப்பிவிட்டேன். பயணத் திகதி என்ற இடத்தை மட்டும் உங்களுக்கு விட்டிருக்கிறேன்.

அழைக்கப்படுபவர் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு கேள்வி இருந்தது. அந்த இடத்தில் பேனையை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். அதை நான் வெறுமையாக விடவில்லை, அத்தான். கணவர் என்று எழுதியிருக்கிறேன்.

தங்கேஸ்